வல்லபனுக்கு ஒரு சாபம்

ஜூன் 8, ஞாயிறு

ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு கீழ்வீட்டுப் பாப்பாத்தி அம்மா மேலே வந்தார். சாப்பாட்டு மேசையில் பகடைகள் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "ஏனுங் டீச்சர், காசு வெச்சுங்களா ஆடறீங்க?" என்று கேட்டார்.

காசெல்லாம் இல்லை, கதைதான் என்றேன். ஒரு கதையை நான் நடத்துவேன். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்திரம். தங்கள் ஆள் என்ன செய்யப் போகிறான் என்று அவர்கள் சொல்வார்கள், அது பலிக்குமா என்று பகடை சொல்லும், பிறகு என்ன நடந்தது என்று நான் சொல்வேன்.

"அப்ப நாடகமுங்களா?"

"உக்காந்த எடத்துலயே போடற நாடகங்க."

கொஞ்சம் யோசித்தார். "அதுல உங்கூட்டுக்காரரு ஒருத்தருக்குத்தான் வசனம் போல. கீழ வரைக்கும் அவரு சத்தந்தானுங் வருது."

நான் நடத்தும் கதையில் எனக்கே வசனம் கிடைப்பதில்லை.

ஊரடங்கு காலத்தில் எங்கள் மகள் மதுவந்தி கற்றுக்கொடுத்த விளையாட்டு இது. அவள் படிக்க பெங்களூரு போன பிறகும் நாங்கள் விடவில்லை. என் கணவர் மூர்த்தியும் நானும் சேர்ந்து செய்யும் காரியம் வாரத்தில் இது ஒன்றுதான் என்று ஷகிலா கிண்டல் செய்வாள். ஷகிலா எதிர் ஃபிளாட், வங்கியில் வேலை. அவளுடைய பாத்திரம் இரும்பாள் என்னும் கொல்லச்சி. மூன்றாவது ஆள் தனபால், மூர்த்தியின் பம்பு கம்பெனியில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன். கதையில் அவன் கொக்கன், பூட்டுத் திறப்பவன். மூர்த்தி வேறு யாராக இருப்பார்? வல்லபன். ஊர் ஊராகப் போய்க் கதை விற்பவன்.

இன்று மலையைக் காக்கும் தெய்வமான மணிக்காரியின் குகைக்குள் நுழைந்தார்கள். சத்தத்துக்காகப் பூஜை அலமாரியிலிருந்து சின்ன மணியை எடுத்து வைத்திருந்தேன். பழைய காலண்டர் அட்டைகளை ஒட்டி நான் புதிதாகச் செய்திருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து மெல்ல ஆட்டினேன். என் குறிப்புகளை யாரும் எட்டிப் பார்க்காமலிருக்கச் செய்த திரை. மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என் கண்கள் மட்டும்தான் தெரியும். ஷகிலா கையைத் தேய்த்துக்கொண்டு, "புல்லரிக்குதுடி" என்றாள். மணிக்காரியை நான் வர்ணிக்கத் தொடங்கிய பாதியில் மூர்த்தி, "இங்க குடு" என்று மணியை என் கையிலிருந்து வாங்கினார். வலது காதருகே ஆட்டினார். இடது காதருகே ஆட்டினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வல்லபன் எடுத்துக்கிட்டான்."

எல்லோரும் சிரித்தோம். மலைக்காவல் தெய்வத்தின் மணியை அவள் கண்ணெதிரே திருடியவனுக்குச் சாபம் வராமல் இருக்குமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சாபம் தயாராக வேண்டும் என்று மேசை ஏகமனதாகத் தீர்மானித்தது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத வேண்டியதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

சாபத்துக்கு மூன்று பகுதி வேண்டும் என்பது மதுவந்தி வைத்துவிட்டுப் போன விதி. ஒன்றைப் பறிக்க வேண்டும், ஒன்றைக் கொடுக்க வேண்டும், தீரும் வழி ஒன்று இருக்க வேண்டும். பறிப்பதும் கொடுப்பதும் ஏறத்தாழ ஒரே எடையாக நிற்க வேண்டும். பறிப்பது கூடினால் ஆடுபவருக்கு அழுகை வரும். கொடுப்பது கூடினால் மற்ற இருவரும் தங்களுக்கும் சாபம் வேண்டும் என்று வரிசையில் நிற்பார்கள்.

வல்லபனுக்கு வாள் பிடிக்கத் தெரியாது, ஓடத் தெரியாது, நீந்தத் தெரியாது. வாய் உண்டு. பேசிக் காரியம் முடிக்கப் பகடை உருட்டினால் விழும் எண்ணோடு ஏழு கூட்டிக்கொள்ளலாம். வாள் சுழற்றினால் ஒன்று. ஆக, அவனிடம் பறிப்பதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது. அது என் குற்றமல்ல.

முதலில் ஊமையாக்கினேன். அது அவனைக் கொன்றுவிடுவதற்குச் சமம் என்று தோன்றியது, அடித்துவிட்டேன். மதியம் துறைக் கூட்டத்தில் ஒருவர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தபோது வந்தது யோசனை: அவனை யாராவது கேட்டால் மட்டுமே பேசலாம். ஒரு கேள்விக்கு ஒரு பதில்.

எழுதி வைத்துவிட்டுப் பார்த்தேன். அழகாக இருந்தது.

போன மாதம் திருப்பூர்க் கல்யாணத்தில் ஒரு அம்மா என்னிடம், "நீங்க காலேஜ்ல என்ன நடத்தறீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மூர்த்தி, "புள்ளியியலுங்க. நூறு பேருல எத்தன பேருக்குப் பல்லு வலிக்கும்னு சொல்லுவா, யாருக்கு வலிக்கும்னு கேட்டாத் தெரியாது" என்றார். பந்தியே சிரித்தது. அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. அந்த அம்மா அவரை ஏதோ கேட்க வந்து, இடம் கிடைக்காமல், பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

இதற்கும் சாபத்துக்கும் தொடர்பில்லை. நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

ஜூன் 11, புதன்

துவைக்கப் போடும்போது மூர்த்தியின் சட்டைப் பையில் பூஜை மணி. அலமாரியில் கொண்டு வைத்தேன். மாலையில் பார்த்தால் மறுபடி காணோம். மனிதர் வல்லபனாகவே வாழ ஆரம்பித்துவிட்டார். இந்த வாரம் சாமிக்கு மணி இல்லாத பூஜை.

மதுவந்தி போனில் சாபத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அம்மா, இது சாபமில்ல. அப்பா மேல ஒரு புகார்."

"வல்லபன் மேல."

"சரி, வல்லபன் மேல. எங்கிட்டயும் புகார் இருக்கு, சேத்துக்க. அப்பா போன்ல வந்தா நான் ஒரு வார்த்த பேச முடியாது. அவரு பாட்டுக்குப் பேசுவாரு, 'இந்தா அம்மாகிட்ட பேசு'ன்னு குடுத்துருவாரு. செமஸ்டர்ல நான் எத்தன பேப்பர் எழுதுனேன்னு கேட்டுப் பாரேன், தெரியாது."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அதற்குத்தான் இடம் கிடைக்காதே.

ஜூன் 13, வெள்ளி

மாலை டீக்கு ஷகிலா வந்தாள். மூர்த்தி வேலையிலிருந்து வரவில்லை. சாபத்தை அவளிடம் சொல்லிச் சோதித்தேன்.

"இதுல என்னடி சாபம் இருக்கு? நான் நிமிஷத்துக்கு ஒரு கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பேன், அவரு பேசிக்கிட்டே இருப்பாரு."

நியாயம். ஒரு காட்சிக்கு ஒருவர் ஒரு கேள்விதான் கேட்கலாம் என்று சேர்த்தேன்.

"மூர்த்தி அண்ணா முறைச்சுக்கிட்டு வாயத் தொறக்காம உக்காந்துட்டா?"

அதுவும் நியாயம். கேட்டும் பதில் சொல்லாவிட்டால் ஒரு உயிர்ப்புள்ளி போகும் என்று எழுதினேன். உயிர்ப்புள்ளி எல்லாம் தீர்ந்தால் பாத்திரம் செத்துப்போகும். வல்லபனிடம் பன்னிரண்டு இருக்கிறது.

பறித்தாயிற்று, இனி கொடுக்க வேண்டும். கேள்விக்கு அவன் சொல்லும் பதில் உண்மையாக இருந்தால் பகடையே வேண்டாம், கேட்டவர் நம்பியே ஆக வேண்டும். அரசனானாலும் அரக்கனானாலும். ஷகிலா டீயைக் கீழே வைத்தாள். "இது எனக்குக் கெடைக்குமா? எங்க மேனேஜர்கிட்டப் பேசணும்."

தீரும் வழிக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. சபித்தவள் தனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை அவனிடம் கேட்டால் சாபம் தீரும். கொஞ்சம் பழைய கதைபோல் ஒலித்தது, அதனால் வைத்துக்கொண்டேன்.

"மணிக்காரின்னா நீதானே?"

"கதையில மணிக்காரி."

"அதான். நீதான்."

அவள் போன பிறகு எல்லாவற்றையும் எக்செலில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். சாபத்துக்கு முன்னும் பின்னும் வல்லபன் காரியம் முடிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. ஒரு ஞாயிறு ஆட்டத்தில் போகக்கூடிய உயிர்ப்புள்ளி ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இவ்வளவு நேர்த்தியான சாபத்தை நான் பார்த்ததில்லை. கல்லூரியில் யாரிடமாவது காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

நேர்த்தியான சாபம் இன்று மேசையில் சிதறிப்போனது.

காலையிலிருந்தே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. தூறலும் சேர்ந்து பால்கனித் தகரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நல்ல பின்னணி என்று நினைத்தேன். இருட்டில் ஆறு, ஓடக்காரன் யாரென்று தெரியவில்லை. திரைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தி, என்னுடைய பேய்க் குரலில், "கதை விற்பவனே, அக்கரையில் உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அந்தக் குரலில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மூர்த்தி பகடையை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். பதில் இல்லை. ஒரு புள்ளி போயிற்று.

ஷகிலா எதிர்ப்பக்கத்திலிருந்து முறுக்கைக் கடித்தபடி ஏதோ கேட்டாள். பதில் இல்லை. இன்னொன்று. தனபால் கேட்டபோது மட்டும் ஒவ்வொரு முறையும் அருமையான பதில். தனபால் எப்போதும் அவருக்கு இடப்பக்கத்தில் ஒட்டி உட்காருவான், தோளில் தட்டிவிட்டுத்தான் பேசுவான். சுங்கக்காவலன், குருட்டுப் பாடகன், பேசும் மரம் என்று நான் கேட்ட எதற்கும் பதில் வரவில்லை. மரத்துக்குப் பதில் சொல்லாததை மன்னிக்கலாம். காவலனுக்கு?

"அண்ணி, இது அநியாயமுங்க. கொஞ்சம் சத்தமாக் கேளுங்க" என்றான் தனபால்.

"பேய் சத்தமாப் பேசுமா?" என்றேன்.

மூர்த்தி ஒரு முறை என் திரையைக் காட்டி, "அத எடுத்துட்டா என்ன?" என்றார். குறிப்புகளைப் பார்க்க ஆசை. மாட்டேன் என்றேன். முடிக்கும்போது வல்லபனிடம் இரண்டே புள்ளிகள்.

மற்றவர்கள் இருக்கும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மேசையைத் துடைக்கும்போது சொன்னார்: "சுகந்தி, அடுத்த வாரம் அவன் செத்துட்டான்னா நா நின்னுக்கறேன். நீங்க மூணு பேரும் ஆடுங்க."

"வேற ஆளா வாங்க."

"வேண்டா. எனக்கு அவன்தான் சரி."

எனக்குத் தெரியும், இது முறைப்பு. சாபம் தவறு என்று காட்டுவதற்காக வேண்டுமென்றே பதில் சொல்லாமல் ஆளைச் சாகவிடுகிறார். பதினைந்து வயதுப் பையன்கள் செய்கிற வேலை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர் பாட்டுக்கு ஹாலில் டிவி பார்க்க, நாங்கள் மூவரும் இங்கே ஆடுவதை நினைத்துப் பார்த்தேன். டிவியின் சத்தத்தில் எங்களால் ஆட முடியாது என்பது வேறு விஷயம்.

ஜூன் 16, திங்கள்

காலையில் காபி கொடுத்தேன். வழக்கமாகச் செய்தித்தாளின் எல்லாப் பக்கங்களையும் எனக்கு வாசித்துக் காட்டுபவர், ஒன்றும் பேசவில்லை. உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். சாபத்தில் இருக்கிறாராம். கேட்டால்தான் பேசுவாராம்.

நல்லது. நானே முழுச் செய்தித்தாளையும் படித்தேன். எத்தனை வருடமாயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

வீடு அமைதியாக இருக்கிறது. தேவைக்கு மேலேயே.

ஜூன் 18, புதன்

இந்த மூன்று நாட்களில் நான் அவரைக் கேட்ட கேள்விகள்: சாப்பாடு வைக்கட்டுங்களா? சிலிண்டர் சொல்லியாச்சா? சாவி எங்க? நாளைக்கு எத்தன மணிக்கு? இவற்றுக்கு ஒழுங்காகப் பதில் வந்தது. எல்லாமே நான் எதிரில் நின்று கேட்டவை. அவர் பேசுவதை நிறுத்திய பிறகுதான் தெரிகிறது, இந்த வீட்டில் கேள்வி கேட்பவள் நான் ஒருத்திதான், அதுவும் இவ்வளவுதான் கேட்கிறேன்.

சாயங்காலம் குளிக்கப் போகும்போது, மூன்று விசில் வந்தால் குக்கரை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனேன். அவர் அடுக்களையில் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். குளியலறையிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தேன். நான்கு, ஐந்து. கத்தினேன். ஆறு. ஈரத்தலையோடு ஓடி வந்தேன். பருப்பு அடிப்பிடித்த வாசனை. அவர் அதே இடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு முறைப்பா என்று கோபம் வந்தது. அடுப்பை அணைத்தேன். பிறகு ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, அவருக்குப் பின்னாலேயே நின்று, சாதாரணக் குரலில் சொன்னேன்:

"ஏனுங்க, அந்த பைக்கப் பழைய இரும்புக்குப் போட்டுடலாங்களா?"

மாமா, அதாவது அவருடைய அப்பா, வாங்கிக் கொடுத்த பைக் அது. ஓடி வருடக்கணக்காகிறது. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு தூணுக்கு வாடகை கட்டுவதுபோல் நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் அரை மணி நேரம் பேசுவார். அவருடைய சொந்த அண்ணன் ஒருமுறை சொல்லிவிட்டுப் பட்டபாடு எனக்குத் தெரியும். எந்தச் சாபமும் அந்தப் பேச்சைத் தடுக்காது.

அவர் ஒரு வெங்காயத்தை உரித்துக் கிண்ணத்தில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

பிறகு தற்செயலாகத் திரும்பி, என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். "எப்ப வந்த?"

"இப்பதாங்க."

ஜூன் 19, வியாழன்

இன்று எழுத ஒன்றும் இல்லை. கல்லூரியில் முதலாமாண்டு சேர்க்கை. குக்கரை மறுபடி ஊறவைத்துத் தேய்த்தேன்.

ஜூன் 20, வெள்ளி

மூர்த்தி இல்லாத நேரத்தில் தனபால் டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்க வந்தான். உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது, காபிக்காக உட்காரவைக்கவில்லை என்று.

"தனபாலு, நீ ஏன் எப்பவும் அவருக்கு எடது பக்கத்துலயே உக்கார்ற?"

"பழக்கமுங்க அண்ணி."

"தோள்ல தட்டிட்டுப் பேசறது?"

"அதும் பழக்கமுங்க."

காபியைக் குடித்து முடித்தான். டம்ளரின் அடியைப் பார்த்தான்.

"நா ஒண்ணுஞ் சொல்லலீங் அண்ணி. டெஸ்டிங்ல நாள் பூரா பம்பு ஓடுது. காதுல போட அடைப்பான் குடுத்துருக்காங்க, அண்ணன் போட மாட்டாரு. போட்டா மோட்டாரு பேசறது கேக்காதும்பாரு. பேரிங் எங்க தேயுதுன்னு சத்தத்துலயே சொல்ற ஆளுங்க அவரு, கம்பெனியில அதானுங் அவருக்குப் பேரு. இப்பவுஞ் சொல்றாரு. கைய வெச்சுப் பாத்துச் சொல்றாரு. மத்தவங்களுக்குத் தெரியாது."

"எனக்குந் தெரியல."

"வூட்லதான் அண்ணன் பேசிக்கிட்டே இருப்பாருங்களே" என்றான். அவனாகவே ஏதோ யோசித்ததுபோல் நிறுத்திவிட்டு, "பேசிக்கிட்டே இருந்தா யாரும் ஒண்ணுங் கேக்க முடியாதுங்களே" என்றான்.

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். "வல்லபனச் சாகடிச்சுராதீங் அண்ணி. வாரம் பூரா அண்ணன் எங்கிட்ட அந்தக் கதையத்தான் பேசுவாரு. அடுத்து என்ன ஆகும், மணிக்காரி என்ன செய்வான்னு. நேர்ல கேக்கற மாதிரியே சொல்லிக் காட்டுவாரு, உங்க கொரலயும் சேத்து."

ஜூன் 21, சனி

எக்செலைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பகடை, புள்ளி, ஒரு காட்சிக்கு எத்தனை கேள்வி, எல்லாம். கேள்வி அவனைப் போய்ச் சேரும் என்பதை மட்டும் நான் கணக்குப் பார்க்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறேன். மாணவி எழுதியிருந்தால் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருப்பேன்.

கோபமாகவும் இருக்கிறது. என்னிடம் சொல்வதற்கு என்ன? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்தேன். உடனே டாக்டர், உடனே மதுவந்திக்குப் போன், உடனே காதுக்கருவி விலை. ஒரே நாளில் அவரை ஒரு நோயாளியாக்கி உட்காரவைத்திருப்பேன். அவருக்கு என்னைத் தெரியும்.

மதுவந்தி கூப்பிட்டாள். "சாபம் எப்படிப் போகுது?" என்றாள். "திருத்திட்டிருக்கேன்" என்றேன்.

காலண்டர் அட்டைத் திரையை மடித்துப் பரணில் போட்டேன். சாபத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

"விதியில் ஒரு சின்னத் திருத்தம்" என்று அறிவித்தேன். "மணிக்காரியின் சாபம் அப்படியேதான் இருக்கு. ஆனா வல்லபன்கிட்ட யாரு கேள்வி கேட்டாலும் எழுந்து அவன் முன்னால வந்து நின்னு, மொகத்தப் பாத்துத்தான் கேக்கணும். இல்லேன்னா அது கேள்வியே இல்ல, அதுக்குப் புள்ளியும் போகாது."

"எதுக்கு இந்தக் கும்பிடு?" என்றாள் ஷகிலா. "முட்டிவலிக்காரி நான்."

"கேள்வி கேக்கறதுன்னா கொஞ்சம் சிரமப்படணும். அதான் சமநிலை."

எழுந்து வந்து கேட்டார்கள். நானும் வந்தேன். ஓடக்காரன் எழுந்து வந்தான், காவலன் எழுந்து வந்தான், பேசும் மரம்கூட எழுந்து மேசையைச் சுற்றி வந்து நின்றது. பேய்க் குரலை விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்று பார்க்கும்போது தெரிந்தது, அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தார்.

பதில்களா அவை! காவலன் அழுதுவிட்டான், அதாவது காவலன் அழுததாக நான் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு புள்ளிகூடப் போகவில்லை. தனபால் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக நிம்மதியாக முறுக்குத் தின்றான்.

கிளம்பும்போது ஷகிலா முட்டியைப் பிடித்துக்கொண்டு, "சாபம் அவருக்கா எனக்கா?" என்றாள். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, நடக்கறேன். டாக்டரும் நடக்கத்தான் சொல்றாரு" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டின்போது மூர்த்தி சாபத்தைத் தானாக மீறினார்.

"விதிய ஏன் மாத்தின?"

"சமநிலைக்கு."

"யாருக்கு?"

ரசம் ஊற்றினேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்டும் பதில் சொல்லாததற்கு எனக்கு ஒரு புள்ளி போயிருக்க வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

மூன்று பேரும் மலையேறி மறுபடி மணிக்காரியின் குகைக்கு வந்துவிட்டார்கள். சாபத்தைத் தீர்க்க என்ன வழி என்று கொக்கன் பூட்டுகளைத் துழாவினான். இரும்பாள் சம்மட்டியை ஓங்கினாள். எதுவும் நடக்கவில்லை. பிறகு ஷகிலா சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டாள், இல்லாத சம்மட்டியை மேசையில் மெல்ல வைத்தாள்.

"ஏம்மா மணிக்காரி. நீதான் சபிச்சே. நீயே அவனக் கேளேன். அவனப் பத்தி உனக்குத் தெரியாதது ஒண்ணுகூடவா இல்ல?"

அதற்கு ஒரு கேள்வி தயாராக வைத்திருந்தேன். உலகத்தின் கடைசிக் கதை எங்கே தொடங்கும் என்பது போல, கனமான கேள்வி. இரண்டு நாள் யோசித்துச் செய்தது. எழுந்து மேசையைச் சுற்றிப் போய் அவர் முன்னால் நின்றேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தனபால் எழுந்து போய் அதை அணைத்தான். கனமான கேள்வி வரவில்லை.

"அந்த மணிய எதுக்கு எடுத்தீங்க?"

"மணிக்காரி மரியாதையாப் பேசறா" என்றான் தனபால், மெல்ல.

மூர்த்தி என்னைப் பார்த்தார். உதட்டையல்ல. ஒரு வேடிக்கைப் பதில் அவர் முகத்தில் வந்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். பதில் உண்மையாக இருக்க வேண்டும் என்பது விதி.

"கேக்குதான்னு பாக்கத்தான்" என்றார்.

குனிந்து அவர் முகத்துக்கு நேரே வந்தேன்.

"கேட்டுதுங்களா?"

"ஒரு காட்சிக்கு ஒரு கேள்விதானுங் அண்ணி" என்றான் தனபால்.

"இருக்கட்டும் விடு" என்றார் மூர்த்தி. சட்டைப் பையிலிருந்து மணியை எடுத்தார். ஆட்டினார். எங்கள் மூவருக்கும் கேட்டது. "பெரிய மணி கேக்குது. கோயில் மணி, மோட்டாரு, தனபாலு கத்தறது எல்லாங் கேக்குது. இது கேக்கறதில்ல. கைல ஆடறது தெரியுது, சத்தம் வர்றதில்ல. ஒவ்வொரு நாளும் ஆட்டிப் பாத்தேன், ஒருவேள அன்னிக்கு வருமான்னு." மணியை மேசையில் வைத்தார். "ரெண்டு வருஷமாச்சு. மதுக்குட்டி கொரலும் போன்ல இப்புடித்தான். கம்பெனியில சொன்னா எடத்த மாத்திருவாங்க. உங்கிட்ட சொன்னா…"

"சொன்னா?"

"மூணாவது கேள்வி" என்றார் அவர்.

நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தனபாலின் இடம் அது. விதிப்படி, உண்மைப் பதிலைக் கேட்டவர் நம்பியே ஆக வேண்டும். நம்பினேன். அதில் ஒன்றும் சிரமம் இருக்கவில்லை.

ஷகிலாதான் முதலில் பேசினாள். அவருக்கு எதிரே எழுந்து வந்து நின்று, முகத்தைப் பார்த்துப் பேசினாள். "அண்ணா, சாபம் தீந்துச்சா இல்லியா, அவகிட்ட கேட்டுச் சொல்லுங்க. தீந்துருந்தா நான் டீ போடறேன்."

"தீந்துருச்சு" என்றேன்.

ஜூன் 30, திங்கள்

வியாழக்கிழமை மாலை காது டாக்டர். மூர்த்தியே போன் செய்யாமல் நேரில் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார். மதுவந்தியை வீடியோவில் கூப்பிட்டு, "மொகத்தக் காட்டிப் பேசு கண்ணு" என்றார். அவள் எத்தனை பேப்பர் எழுதினாள் என்று அவருக்கு இப்போது தெரியும். ஒன்றில் மதிப்பெண் குறைந்துவிட்டதும் தெரியும். போனை வைக்கும்போது அவள், "எதுக்குடா சொன்னேன்னு இருக்கு" என்று முனகினாள். அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

அடுத்த வாரம் இரும்பாளுக்கு ஒரு சாபம் வேண்டுமாம். ஷகிலாவே கேட்கிறாள், தனக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று. முட்டிக்கு நல்லதாகப் பார்த்து வைக்கச் சொன்னாள்.

மணியை விளக்கி அலமாரியில் வைத்தேன்.

சாயங்காலம் அடுக்களையில் அவர் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார், இந்த முறை அடுப்பைப் பார்த்து. நான் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எனக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். பின்னால் நின்று என்ன கேட்டேன் என்பதையும் சொன்னேன்.

கத்தியைக் கீழே வைத்தார். "பைக்கவா?"

"சும்மா சோதிக்கத்தாங்க."

"பழைய இரும்புக்கா?"

அன்றைக்கு வராத பேச்சு முழுக்க இன்று வந்தது. மாமா அந்த பைக்கை எந்த ஊரில் எப்படி வாங்கினார், அதில் எங்களுடைய கல்யாணத்துக்கு முன் என்னைப் பார்க்கத் தான் எப்படி மழையில் வந்தார், என் அண்ணன் அதைப் பார்த்து என்ன சொன்னார், அதன் எஞ்சின் சத்தத்தை மட்டும் இன்றைக்கும் தூக்கத்தில் அடையாளம் சொல்வார் என்பதுவரை. கீழ்வீட்டுப் பாப்பாத்தி அம்மாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கும். பாதிக்கு மேல் எனக்கும் புதிதாக இருந்தது. மழையில் வந்த கதையை நான் இதுவரை முழுதாகக் கேட்டதில்லை.

குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து, மறுபடி அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"மழையில வந்து?" என்று கேட்டேன்.